பொம்மைக்கு ஏன் பயன்பாட்டுச் சான்றிதழ்?

இந்தப் பதிவு சண்டைக்காகவே எழுதுவது. முதலிலேயே சொல்லிவிட்டேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

என் மேஜையில் என்ன இருக்கிறது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 28 மி.மீ. உயரத்தில் எலும்புக்கூட்டு வீரர்கள், தாடி வைத்த குள்ளர்கள், பச்சைத் தோல் பூதங்கள். மேஜைப் போர் விளையாட்டுக்காக வார்க்கப்பட்ட கற்பனைப் படைகள். பீரோவுக்கு மேலே மூன்றடிப் பலகையில் ஒரு நாரோகேஜ் ரயில்நிலையம், பாதி கட்டியபடி. அதை இறக்கினால் மேஜையில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடமில்லை.

வீட்டுக்கு வருபவர்கள் மூன்று வகை. முதல் வகை சிரிப்பார்கள்: "என்ன சார், பேரன் சொத்தைப் பிடுங்கிக்கிட்டீங்களா?" இரண்டாம் வகை விலை கேட்பார்கள்: "இதை வித்தா என்ன தேறும்?" மூன்றாம் வகை பாராட்டுவார்கள்: "ரொம்ப நல்ல காரியம் பெரியப்பா. மூளைக்கு வேலை. மறதி நோய் வராதாம். கை நடுக்கம்கூடக் குறையுமாம்."

சிரிப்பவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார்: பெரியவர் பொம்மை வைத்திருக்கிறார். உண்மைதான். விலை கேட்பவருக்கும் பதில் சொல்லிவிடலாம். என் சண்டை மூன்றாவது ஆளோடு. அவர்தான் என் மேஜைக்கு யூ.சி. எழுதிக் கொடுக்கிறார்.

யூ.சி. என்றால் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட், பயன்பாட்டுச் சான்றிதழ். மானியம் வாங்கிய அலுவலகம், கொடுத்த பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவானது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பவேண்டும். அது வராவிட்டால் அடுத்த தவணை வராது. என் சர்வீஸில் எத்தனை யூ.சி. தட்டச்சு செய்தேன் என்று கணக்கில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் என் சாயங்காலம் மக்கள் பணம் இல்லை. நாலு மணிக்கு நான் பிரஷ்ஷை எடுத்தால் அதற்கு மூளை நலத் துறையின் ஒப்புதல் எதற்கு?

"நல்ல எண்ணத்தில்தானே சொல்கிறார்கள்?" என்பீர்கள். நல்ல எண்ணம்தான். அதற்குள் ஒளிந்திருக்கும் கருத்தைப் பாருங்கள். வயதானவனின் ஒரு மணி நேரம் அதனளவில் செல்லாது. உடம்புக்கு உதவினால் செல்லும். பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் தடுத்தால் செல்லும். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு, ரேஷன் கடையிலும் நின்றுவிட்டு மிச்சமிருந்தால், மருந்து என்ற பெயரில் செல்லும். நாளைக்கு ஒரு மருத்துவர் பத்திரிகையில், "வண்ணம் தீட்டுவதில் ஒரு பலனும் இல்லை, சுடோகுதான் நல்லது" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மேஜையை ஒழித்துவிட்டுச் சுடோகு புத்தகத்தை வாங்கிக் கொடுப்பார்கள். மருந்தாக உள்ளே வந்தது மருந்தாகவே வெளியே போகும். மூளைக்கு இது நல்லதாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் காரணமாகக் காட்டி என்னை மன்னிக்கவேண்டாம் என்பதுதான் என் வாதம்.

சரி, அந்த மேஜையில் நடப்பதுதான் என்ன? ஒரு குள்ளனை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவன். வார்ப்பில் வந்த பிசிறைக் கத்தியால் சுரண்டவேண்டும். பழைய மருந்துப் புட்டியின் மூடிமேல் ஒட்டவேண்டும், அதுதான் கைப்பிடி. அடிப்பூச்சு. அது காய்ந்ததும் அடிநிறம், தண்ணீர் கலந்து மெல்லிசாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் மூக்கும் தாடியும் மூழ்கிப்போகும். பிறகு நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டால் அது மடிப்புகளில் போய்த் தங்கும், நிழல் விழும். அடுத்து பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட வெறும் பிரஷ்ஷால் மேடுகளை உரசினால், வெளிச்சம் பட்டதுபோல் கம்பிச்சட்டையின் ஒவ்வொரு வளையமும் எழும்பும். கடைசியில் கண். கண்ணுக்குத்தான் மிகச்சிறிய பிரஷ் என்று எல்லோரும் நினைப்பார்கள். நுனி கூர்மையாக இருக்கும் ஒன்றாம் நம்பர் பிரஷ் அதைவிட மேல். சின்னதில் வண்ணம் தங்காது. கண்ணுக்குப் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும்.

இதை யாரும் முதியோர் நலனுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் வட்டாரத்தில், 1970களின் கடைசியில் சிட்டடெல் என்ற கம்பெனி ஈயக் கலவையில் இந்த உருவங்களை வார்க்கத் தொடங்கியது. அவற்றை வைத்து ஆடுவதற்கு 1983ல் 'வார்ஹேமர்' வந்தது. இளவட்டங்கள் மேஜையைச் சுற்றி நின்று, அளவு நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போட்டார்கள். ஈயமில்லாத உலோகம் 1990களின் பிற்பகுதியில்தான் வந்தது. ஆகவே முதல் இருபது வருடம் இந்த விளையாட்டை 'ஆரோக்கியம்' என்று சொல்லி விற்க யாருக்கும் வாய் வந்திருக்காது!

நாரோகேஜ் பக்கம் வந்தாலும் இதே கதைதான். ரயில் மாதிரி செய்பவர்களில் சிலர் ஏன் சின்னப் பாதையையே பிடித்துக்கொள்கிறார்கள்? இடம் இல்லாததால். பெரிய ரயிலுக்கு வளைவு வேண்டும், நீளம் வேண்டும், கூடம் வேண்டும். குறும்பாதை ரயிலோ மூலையில் திரும்பிவிடும். 9 அங்குல ஆரமுள்ள வளைவிலேயே ஓடும். இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்குகிறார்கள். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற ரயிலின் பாதை அகலம் 2 அடி 3 அங்குலம், அதாவது இரண்டேகால் அடி. இரண்டேகாலை நாலால் பெருக்குங்கள்: ஒன்பது. 9 மி.மீ. தண்டவாளம் ஏற்கெனவே வேறொரு சிறிய ரகத்துக்காகக் கடைகளில் இருக்கிறது, சக்கரமும் மோட்டாரும்கூட. ஆகவே அந்த மோட்டார் வண்டியை வாங்கி, மேலே அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் உங்கள் எஞ்சினைக் கட்டிக்கொள்ளலாம். என் ஸ்டேஷனின் கற்பலகைக் கூரை முழுவதும் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஒவ்வொரு ஓடாக வெட்டி, வரிசை வரிசையாக ஒட்டியது. தண்டவாளத்துக்கு நடுவே சலித்த ஆற்று மணல். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டு ஊற்றினால் மணல் கலையாமல் உறிஞ்சிக்கொள்ளும். புதுவையில் கல்யாணங்கள் நடக்கும்வரை எனக்கு ஓட்டுக்குப் பஞ்சமில்லை.

டாலிலினைச் சும்மா இழுக்கவில்லை. பயன், பயன் என்பவர்களுக்கு அதில்தான் பதில் இருக்கிறது. 1860களில், கற்பலகைச் சுரங்கத்திலிருந்து கடலோர டவின் ஊருக்குக் கல் இறக்கப் போட்ட ஏழேகால் மைல் பாதை அது. சுரங்கம் நொடித்து, 1946ம் வருடக் கடைசியில் சரிவு ஏற்பட்டு மூடப்பட்டது. 1948ல் அரசாங்கம் பிரிட்டிஷ் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கியபோது இதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டியை ஓட்டினார், 1950ல் காலமானார். சரக்கு இல்லை, லாபம் இல்லை, தண்டவாளத்தைப் புல் மூடியிருக்கிறது. எந்தக் கணக்கு அதிகாரியும் "மூடலாம்" என்றுதான் குறிப்பு எழுதியிருப்பார். நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதவேண்டியிருக்கும், விதி அப்படி.

ஆனால் எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் சில நண்பர்களும் பர்மிங்காமில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் அவர்கள் கையில் வண்டி ஓடியது. தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில்பாதை, உலகத்திலேயே அதுதான். குழந்தைகளுக்குத் தாமஸ் என்ற எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அங்கே கார்டு வேலை பார்த்தார், சம்பளம் இல்லாமல். வார நாளில் வேறு உத்தியோகம் பார்த்தவர்கள் சனி, ஞாயிறு வந்து கரி அள்ளினார்கள். அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது. அதைப் பார்த்து எத்தனையோ பாதைகள் பிழைத்தன. இன்று சுற்றுலாத் துறைக்காரர்கள் அதன் பயனைப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பயன் பின்னால் வந்தது. முதலில் வந்தது, "இது நின்றுபோவதைப் பார்க்க எனக்கு மனமில்லை" என்ற ஒன்றுதான். 1950ல் யூ.சி. கேட்டிருந்தால் 1951ல் வண்டி இல்லை.

இப்போது விலை கேட்பவர். அவருக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு கதை. 1997ல் ரக்காம் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதன் உலோகச் சிற்பங்கள்போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துலூஸில் இருக்கும் என் தங்கை மகன் கொண்டுவந்த ஐந்து குள்ளர்கள் என்னிடம் இருக்கிறார்கள். இன்னும் மூன்று பேருக்கு வண்ணம் பாக்கி. அந்தக் கம்பெனிக்கு, எல்லாப் பயன்வாதிகளுக்கும் தோன்றுவதே தோன்றியது: "ஜனங்களுக்கு நேரமில்லை. வண்ணம் தீட்டுவது சிரமம். அதை நாமே தீட்டிக் கொடுத்துவிடலாம்." 2006லிருந்து தொழிற்சாலையில் வண்ணம் பூசிய பிளாஸ்டிக் உருவங்களுக்கு மாறினார்கள். 2010ல் கம்பெனி மூழ்கிவிட்டது. அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரம் கவிழப் பல காரணம் உண்டு. ஆனால் அவர்கள் எதைச் சிரமம் என்று கழித்தார்களோ அதற்காகத்தான் என்னைப் போன்றவர்கள் அந்தப் பெட்டியை வாங்கினோம். சங்கீதக் கச்சேரிக்குப் போனவரிடம், "பாட்டைக் கேட்கும் சிரமம் வேண்டாம், முடிந்ததும் சீட்டைக் கிழித்துத் தருகிறோம்" என்பதுபோல. என் குள்ளனை விற்றால் என்ன தேறும்? ஒன்றும் தேறாது. வண்ணம் பூசிய பதினோரு மணி நேரம் போய்விட்டது; அது எனக்கு ஏற்கெனவே கிடைத்தாயிற்று.

சொல்லிலேயே கோளாறு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். தமிழில் 'பொழுதுபோக்கு' என்கிறோம். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கேயும் 'பாஸ்தாம்' என்று இதே பொருளில் ஒரு சொல் உண்டு. பொழுதைப் போக்குவது. எழுபது தாண்டியவனிடம் பொழுதைப் போக்கச் சொல்வது என்ன நியாயம்? பொழுது தானே போகிறது, வேகமாகவே போகிறது. அதற்கு ஆள் வைத்துத் தள்ளவேண்டாம். ஆனால் பிரெஞ்சில் இன்னொரு வழக்கும் இருக்கிறது, 'வியோலோன் தாங்க்ர்'. ஆங்க்ரின் வயலின். ஆங்க்ர் பெரிய ஓவியர். படம் எழுதிச் சம்பாதித்தார், புகழ் பெற்றார். வயலினும் வாசித்தார், மனதுக்குப் பிடித்ததால். தொழிலுக்கு அப்பால் ஒருவர் உயிரை வைத்துச் செய்யும் காரியத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆங்க்ரைப் பார்த்து, "விரல் மூட்டுக்கு நல்லதாமே?" என்று யாராவது கேட்டிருப்பார்களா?

என்மேல் வரும் வேறு குற்றச்சாட்டுகளையும் பார்த்துவிடுகிறேன்.

"வெள்ளைக்காரன் விளையாட்டு" என்கிறார்கள். நவராத்திரிக்கு நம் வீட்டுக் கொலுப் படிக்குக் கீழே என்ன வைக்கிறோம்? கேழ்வரகு முளைவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், மண்ணைக் குவித்து மலை, அதைச் சுற்றி ரயில். செட்டியார் பொம்மை கடை விரித்திருப்பார். பக்கத்தில் கல்யாண ஊர்வலம், அதற்கும் பக்கத்தில் கிரிக்கெட் டீம். கிரிக்கெட் டீமில் என்ன பக்தி? பெரியவர்கள் குட்டி உலகம் செய்து மகிழ்வது நமக்குப் புதிதல்ல. பத்தாம் நாள் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம், நான் வைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"போர் பொம்மை, வன்முறை" என்கிறார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தரையில் பொம்மைப் படைகளை வைத்து, விளையாட்டுப் பீரங்கியால் சுட்டு ஆடும் விதிகள். அதன் முடிவில் அவர் சொல்லும் கருத்து: இதை நாலு தரம் ஆடினவனுக்கு நிஜப் போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்துவிடும். அடுத்த வருடம் நிஜப் போர் வந்தது. அப்போது பொம்மைப் படைகளைக் குற்றம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. டெக்கோவீல் என்பவர் பீட்ரூட் வயலுக்காகச் செய்த குட்டிப் பாதை, 1889 பாரிஸ் கண்காட்சியில் 60 லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற அதே ரகப் பாதை, அந்தப் போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டு சுமந்தது. நம் கடற்கரைச் சாலையில், போரில் இறந்த புதுவைக்காரர்களுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஒவ்வொரு ஜூலை 14ம் தேதியும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். ஒருநாள் அப்போர்க்களப் பாதை ஒன்றையும் நான் பலகையில் கட்டுவேன். அதைப் பார்த்து யாருக்கும் சண்டைக்குப் போகத் தோன்றாது.

"காசு கொட்டுகிறதே" என்கிறார்கள். இது ஓரளவு நியாயம். புதுப் பெட்டிகள் அநியாய விலை. நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு வாங்குகிறேன். ஒரு பெட்டி பத்து மாதம் வருகிறது. காபி ஓட்டலில் தினமும் உட்காருபவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். "ஆம்பிளை உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறார், அடுப்படியில் யார் நிற்கிறார்கள்?" இதற்கு என்னிடம் மழுப்பல் பதில் இல்லை. நம் வீடுகளில் பெண்களுக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது. அவர்களுடைய கைவேலையைக்கூட உபயோகத்தில்தான் சேர்ப்போம்: கோலம் லட்சுமிகரம், தையல் சிக்கனம், பூத்தொடுத்தல் சாமிக்கு. சும்மா பிடித்ததால் செய்கிறேன் என்று ஒரு பாட்டி சொன்னால், ஏதோ ஆகிவிட்டது என்று பிள்ளைகளுக்குப் போன் போடுவோம். இதற்குத் தீர்வு தாத்தாவின் மேஜையைப் பிடுங்குவது அல்ல. பாட்டிக்கும் ஒரு மேஜை போடுவது. எங்கள் வீட்டில் நாலிலிருந்து ஆறுவரை அடுப்பு எரியாது. அம்மாள் குறுக்கெழுத்துப் போடுகிறார். ஏழு எழுத்தில் மீன் வகை என்ன என்று கேட்பார்; எனக்குத் தெரியாது. விருந்தாளி வந்தால் ஃபிளாஸ்க்கில் காபி இருக்கிறது, தானே ஊற்றிக்கொள்ளலாம். "அம்மாவுக்கும் ஞாபக சக்திக்கு நல்லது" என்று யாராவது தொடங்கினால் அவர்களுக்கு அந்தக் காபியும் கிடையாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வயதான ஒருவர் ஏதோ ஒன்றில் மூழ்கியிருந்தால், தபால்தலையோ, பழைய ரேடியோவோ, பட்டமோ, குள்ளனோ, அதற்குப் பலன் தேடிக் கொடுக்காதீர்கள். சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள், பாதகமில்லை. இல்லாவிட்டால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்தத் தாடிக்கு என்ன கலர்?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், பரவாயில்லை. உட்கார்ந்து கேளுங்கள்.

மறுப்பு உள்ள அன்பர்கள் நாலு மணிக்கு முன் வந்து சண்டை போடலாம். அதற்குப் பிறகு வந்தால் கையில் ஒரு பிரஷ் கொடுத்துவிடுவேன். ரக்காம் குள்ளர்கள் மூன்று பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்.